கோட்டையைக் கட்டிய பேப்பர்காரப் பையன்



நம்ம சுவர் இதழின் தலைப்புக்குப் பக்கத்தில் என்ன சின்னம் வரையலாம் என்று போன வாரம் எங்கள் வகுப்பில் பெரிய சண்டையே நடந்தது. மயில் என்றார்கள் சிலர். குத்துவிளக்கு என்றார்கள் சிலர். பேனாதான் வேணும் என்று கடைசி பெஞ்சு அடம் பிடித்தது. அப்போதுதான் இதே மாதிரி ஒரு கேள்வி வந்து, அதற்குச் சரியான பதில் கண்டுபிடித்த ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர்தான் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸைத் தெரியாதவங்க நம்மில் யாராவது இருக்கீங்களா? அந்த எலிக்குட்டியை உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான்.

வால்ட் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா எலியாஸ், அம்மா ஃபுளோரா. வீட்டில் நாலு பையன்கள், ஒரு பெண். வால்ட்தான் பையன்களில் கடைக்குட்டி. அவருக்கு 4 வயதாக இருக்கும்போது குடும்பம் மார்சலின் என்ற சின்ன ஊருக்கு விவசாயம் செய்யப் போனது. ஆடு, மாடு, பன்றி, ஆப்பிள் மரம், ஊர் ஓரமாகப் போகும் ரயில் என்று அந்த ஊரை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போச்சு. அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு வயதான டாக்டர் தன் குதிரையை வரையச் சொல்லி, வரைந்த படத்துக்குக் காசும் கொடுத்தாராம். படம் வரைந்தால் காசு கிடைக்கும் என்று சின்ன வயசிலேயே தெரிந்துகொண்டார்!

ஆனால் விவசாயம் கைகொடுக்கவில்லை. நிலத்தை விற்றுவிட்டு 1911-இல் கான்சஸ் சிட்டிக்குப் போனார்கள். அங்கே அப்பா பேப்பர் போடும் ஏஜென்சி எடுத்தார். வால்ட்டுக்கு அப்போது வயது 9. அண்ணன் ராயும் அவரும் விடிவதற்கு முன்பே எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போடணும். பனிக்காலத்தில் இடுப்பளவு பனியில் நடக்கணும். அப்பா கூலியும் கொடுக்க மாட்டார். பிறகு பள்ளிக்கூடம் போனால் தூக்கம் தூக்கமாக வரும். இப்படி ஆறு வருஷம் ஓடியது. பெரிய மனிதர் ஆன பிறகும், யார் வீட்டுக்கோ பேப்பர் போட மறந்துவிட்ட மாதிரி அவருக்குக் கெட்ட கனவு வருமாம்.

இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன்னா நானும் விடிகாலை 4 மணிக்கு எழுந்து அம்மாவோடு பூ கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறேன். மதியம் கணக்கு வகுப்பில் தூங்கி விழுகிற அந்தப் பெண் நான்தான், டீச்சர்! சோம்பேறித்தனம் இல்லை.

16 வயதில் வால்ட் படிப்பை விட்டார். முதல் உலகப் போர் நேரம். வயதைக் கூட்டிப் போட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். (படிப்பை விட்டதும் வயதை மாற்றியதும் நாம் பின்பற்ற வேண்டியவை அல்ல!) திரும்பி வந்து நண்பர்களோடு ஒரு கார்ட்டூன் கம்பெனி ஆரம்பித்தார். 1923-இல் அது திவாலானது. கையில் வாடகைக்குக்கூடக் காசு இல்லாமல் ஆபீசிலேயே தூங்கி, ரயில் நிலையத்தில் காசு கொடுத்துக் குளித்த நாட்களும் உண்டு. கடைசியில் 40 டாலரோடு ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கே அண்ணன் ராய் இருந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து அதே வருஷம் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். தம்பி கனவு காண்பார், அண்ணன் கணக்குப் பார்ப்பார். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

1927-இல் ஆஸ்வால்ட் என்ற முயலை வைத்துப் படம் எடுத்தார்கள். நல்ல பேர் கிடைத்தது. ஆனால் 1928-இல் அந்த முயலின் உரிமை அவரிடம் இல்லை என்று ஆகிவிட்டது. வேலை செய்தவர்களிலும் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் மிக்கி மவுஸ். இதில் ஒரு உண்மையைச் சொல்லணும். மிக்கியை முதலில் வரைந்த கை வால்ட்டின் நண்பர் உப் ஐவர்க்ஸின் கை. பெயர் வைத்தது வால்ட்டின் மனைவி லில்லியன். குரல் கொடுத்தது வால்ட். 1928 நவம்பர் 18-இல் வந்த அந்தப் படத்தில் மிக்கியோடு சேர்ந்து சத்தமும் வந்தது. ஜனங்கள் அசந்துபோனார்கள்.

1937-இல் ஸ்னோ ஒயிட் என்ற முழுநீளக் கார்ட்டூன் படம் எடுத்தார். செலவு சுமார் 15 லட்சம் டாலர். பைத்தியக்காரத்தனம் என்று சினிமாக்காரர்களே சிரித்தார்கள். படமோ ஓடு ஓடு என்று ஓடியது. அதற்காக ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் சேர்த்துப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து அப்பா அம்மாவுக்கு ஆசையாக ஒரு வீடு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். 1938 நவம்பரில் அந்த வீட்டில் குளிருக்காக வைத்திருந்த அடுப்பிலிருந்து விஷவாயு கசிந்து அம்மா இறந்துபோனார். எவ்வளவு புகழ் வந்து என்ன செய்ய? 1941-இல் சம்பளப் பிரச்சினையில் அவரிடம் வேலை செய்தவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த விஷயத்தில் அவர் நடந்துகொண்டதைக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. பெரிய மனிதர்களிடமும் குறை இருக்கும்தானே.

இனிமேல்தான் நம்ம விஷயம் வருகிறது.

வால்ட்டுக்கு டயான், ஷாரன் என்று இரண்டு பெண் குழந்தைகள். விடுமுறை நாளில் அவர்களைப் பூங்காவுக்குக் கூட்டிப் போவார். பிள்ளைகள் ராட்டினத்தில் சுற்றுவார்கள், அப்பா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணும் என்ற யோசனை அந்த பெஞ்சில்தான் வந்ததாம். அண்ணன் ராய் முதலில் சம்மதிக்கவில்லை. கடன் கொடுக்கவும் ஆள் இல்லை. வால்ட் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கினார்.

1953 செப்டம்பரில் ஒரு சனி, ஞாயிறு. ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை வரவழைத்து, வால்ட் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அவர் பூங்காவின் படத்தை வரைந்தார். அந்தப் படத்தை எடுத்துக்கொண்டுதான் ராய் நியூயார்க்குக்குப் பணம் திரட்டப் போனார். அந்த முதல் படத்திலேயே நடுவில் ஒரு கோட்டை இருந்தது!

ஏன் கோட்டை? மற்ற பூங்காக்களுக்கு ராட்டினம்தான் அடையாளம். வால்ட் வேறு மாதிரி யோசித்தார். பூங்காவுக்கு ஒரே ஒரு வாசல். உள்ளே போனால் அவருடைய சின்ன வயசு ஊரை நினைவுபடுத்தும் கடைத்தெரு. அந்தத் தெருவின் கடைசியில் ஏதாவது ஒன்று தெரியணும். அதைப் பார்த்ததும் கால் தானாக நடக்கணும். கன்றுக்குட்டிக்கு முன்னால் புல்லைக் காட்டிக்கொண்டே போனால் அது பின்னாலேயே வருமே, அது மாதிரி! கதைகளில் வரும் கோட்டைதான் அதற்குச் சரி என்று முடிவு செய்தார்.

ஜெர்மனியில் பவேரியா நாட்டு ராஜா இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கிய நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்து மாதிரி செய்தார்கள். மாதிரி ரெடி ஆனதும், அச்சு அசலாக அதே போல இருக்கே என்று ரைமனுக்கு உறுத்தியது. மேல்பகுதியைக் கழற்றி, பின்பக்கம் முன்னால் வருமாறு திருப்பி வைத்தார். கூட இருந்தவர்கள் பயந்தார்கள். அந்த நேரம் பார்த்து வால்ட் உள்ளே வந்துவிட்டார். பார்த்தார், அதுவே பிடித்துவிட்டது! இன்றைக்கும் அந்தக் கோட்டை அப்படித்தான் நிற்கிறது.

அதன் உயரம் 77 அடிதான். கீழே பெரிய கற்கள், மேலே போகப் போகச் சின்னக் கற்களாக வைத்திருப்பதால் பார்க்க உயரமாகத் தெரியும். தூங்கும் அழகி என்ற இளவரசியின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். அந்தப் படம் வந்ததோ நாலு வருஷம் கழித்து 1959-இல்! கோட்டைக்குள் ஏறிப் பார்க்கிற வழியைக்கூட 1957-இல்தான் திறந்தார்கள். ஆனாலும் எல்லாரும் அதைத்தான் பார்த்து நின்றார்கள்.

ஆனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பில் எழுந்த டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது. அன்றைக்குக் கொளுத்தும் வெயில். கள்ள டிக்கெட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. புதுத் தார் இளகிப் பெண்களின் செருப்பு மாட்டிக்கொண்டது. பல குடிதண்ணீர்க் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. இவ்வளவு குளறுபடிக்கும் நடுவில் கோட்டையின் பாலம் கீழே இறங்கியதும், குழந்தைகள் ஹோ என்று உள்ளே ஓடினார்கள். இரண்டு மாதம் முடிவதற்குள் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

வால்ட் டிஸ்னி 1966 டிசம்பர் 15-இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். விடாமல் சிகரெட் பிடிக்கும் பழக்கம் இருந்தது அவருக்கு. புளோரிடாவில் அவர் திட்டமிட்ட பெரிய பூங்காவை அவர் பார்க்கவில்லை. அண்ணன் ராய் தன் ஓய்வைத் தள்ளிப்போட்டு, அதைக் கட்டி முடித்து, 1971-இல் தம்பியின் முழுப் பெயரையே அதற்கு வைத்தார். சில வாரங்களில் அவரும் இறந்தார். அங்கேயும் 189 அடிக்கு ஒரு கோட்டை உண்டு. டோக்கியோ, பாரிஸ், ஹாங்காங், ஷாங்காய் எல்லா ஊர் டிஸ்னி பூங்காவிலும் நடுவில் கோட்டைதான்.

லுட்விக் ராஜா தனக்காகக் கோட்டை கட்டினார். அது முடிவதற்குள் 1886-இல் இறந்தார். பேப்பர் போட்ட பையன் எல்லாப் பிள்ளைகளும் உள்ளே ஓடி வருவதற்காக ஒரு கோட்டை கட்டினார். சின்னம் என்றால் அழகாக இருந்தால் மட்டும் போதாது, நம்மை வா வா என்று கூப்பிடணும் என்று எனக்குப் புரிந்தது.

அதனால் தோழிகளே, சண்டை வேண்டாம். பஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே நமக்குத் தெரிவது எது? சத்துணவுத் தட்டோடு எல்லா வகுப்பும் சேர்ந்து உட்காருவது எதன் அடியில்? நம்ம பள்ளி வேப்பமரம்தானே! அதையே வரையலாம் என்பது என் கருத்து. மற்றவர்களும் எழுதுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி