வாக்குப்பதிவே இல்லாமல் மக்களவைக்குச் சென்றவர்: அந்தமான் நிக்கோபாரின் முதல் எம்.பி. ஜான் ரிச்சர்ட்சன்

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. நூற்றுக்கணக்கான தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு மக்களவைத் தொகுதி மட்டுமே உள்ளது. அங்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற போட்டியெல்லாம் அந்த ஓர் இடத்தைச் சுற்றியே நடைபெறுகிறது. 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளர் குல்தீப் ராய் சர்மா வெறும் 1,407 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார் என்பதிலிருந்தே போட்டியின் கடுமையை உணரலாம்.

ஆனால், இத்தொகுதியின் உறுப்பினர் பட்டியலில் முதலாவதாக இடம்பெற்றிருப்பவர் ஒரு வாக்கும் பெறாதவர். அவர் எவரிடமும் வாக்குக் கேட்கவுமில்லை. அவர் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். கார் நிக்கோபார் தீவின் மைந்தர், நிக்கோபாரி பழங்குடியினத்தவர், கிறிஸ்தவப் பேராயர். 1952 முதல் 1957 வரை மக்களவையில் தீவுகளின் குரலாக அமர்ந்தவர். அவருக்குப் பிறகு இன்றுவரை நிக்கோபாரி இனத்தவர் ஒருவர்கூட அந்த இடத்துக்கு வரவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு நிக்கோபார் அந்நியப் பெயரன்று. முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் இத்தீவுகளே என்பது வரலாற்றறிஞர்களின் கருத்து. அந்தமானிலிருந்து நிக்கோபாரைப் பிரிக்கும் பத்து டிகிரி கால்வாய் சுமார் 150 கிலோமீட்டர் அகலம் கொண்டது. அதைக் கடந்ததும் முதலில் எதிர்ப்படுவது தென்னை மரங்கள் அடர்ந்த, தட்டையான கார் நிக்கோபார். பரப்பளவு சுமார் 127 சதுர கிலோமீட்டர். அதன் வடபகுதியில் உள்ள மூஸ் என்ற கடற்கரைக் கிராமத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரிச்சர்ட்சன் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஹாச்சேவ்கா.

அச்சிறுவனின் வாழ்க்கையைத் திருப்பியவர் ஒரு தமிழர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற வேதப்பன் சாலமன், ஆங்கிலேய அரசின் முகவராகவும் சமய போதகராகவும் மூஸ் கிராமத்தில் தங்கியிருந்தார். பள்ளி நடத்தினார்; நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்; வணிகக் கப்பல்களையும் கவனித்துக்கொண்டார். அவர் எழுதிய நாட்குறிப்புகள் அக்கால நிக்கோபார் வாழ்க்கை குறித்த அரிய சான்றுகளாக மதிக்கப்படுகின்றன. தமிழகத்தில் அவரை அறிந்தோர் மிகச் சிலரே என்பது வியப்புக்குரியது.

சாலமனின் பள்ளியில் பயின்ற நிக்கோபாரிச் சிறுவர்கள் சிலர் மேற்படிப்புக்காக பர்மாவின் மாண்டலே நகரில் இருந்த மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ரிச்சர்ட்சனும் அவர்களுள் ஒருவர். பர்மா அப்போது இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாக இருந்தது. 1909இல் சாலமன் காலமான பின்னர், மாண்டலேயிலிருந்து திரும்பிய ரிச்சர்ட்சன் மூஸ் பள்ளியில் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

எழுத்து வடிவம் நிலைபெற்றிராத தம் தாய்மொழியை ஏட்டில் ஏற்றும் பணியில் அவர் ஈடுபட்டார். ஜார்ஜ் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தொடங்கிய மொழிப்பணி, ரிச்சர்ட்சனின் கையில் வேர்பிடித்தது. ரோமன் எழுத்தில் அமைந்த அம்மொழியில் பள்ளிப் பாடங்கள், பாடல்கள், வேதப் பகுதிகள் ஆகியன ஒவ்வொன்றாக உருவாயின. முழு விவிலியமும் நிக்கோபாரி மொழியில் 1969இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கால்பந்தை அத்தீவில் அறிமுகப்படுத்தியவரும் அவரே. இன்றும் கார் நிக்கோபாரில் அந்த விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு.

இரண்டாம் உலகப் போர் அவரைக் கடுமையாகச் சோதித்தது. 1942 மார்ச் மாதம் போர்ட் பிளேரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, அதே ஆண்டில் கார் நிக்கோபாரையும் பிடித்தது. விமான ஓடுதளம் அமைப்பதற்குத் தீவு மக்கள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டனர். 1945இல், போர் முடியும் தறுவாயில், ஆங்கிலேயருக்கு ரகசியமாகச் சைகை காட்டியதாகச் சந்தேகித்து நிக்கோபாரிகள் பலரை ஜப்பானியர் பிடித்துச் சித்திரவதை செய்தனர். பலர் கொல்லப்பட்டனர். ரிச்சர்ட்சனும் பிடிபட்டார். அவரும் கொல்லப்படவிருந்த நிலையில், ஜப்பானின் சரணாகதிதான் அவர் உயிரைக் காத்தது. இக்கொடுமைகளுக்காக ஜப்பானிய ராணுவத்தினர் பதினாறு பேர் மீது 1946இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற வழக்கு நடந்தது.

போருக்குப் பிறகு தீவு மக்கள் யார் பின்னால் நின்றனர் என்பதில் ஐயமே இருக்கவில்லை. உறவினரை இழந்து, தென்னந்தோப்புகளை இழந்து நின்றவர்களுக்கு ரிச்சர்ட்சன் போதகர் மட்டுமல்லர். ஊரை மீண்டும் எழுப்பிய தலைவரும் ஆவார். கார் நிக்கோபார் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவத்தைத் தழுவியதும் அந்த ஆண்டுகளில்தான். 1950இல் அவர் துணைப் பேராயராக உயர்த்தப்பட்டார்.

அதே 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் நாட்டின் மாநிலங்களை நான்கு வகையாகப் பிரித்தது. நான்காவதான 'டி' பிரிவில் இடம்பெற்ற ஒரே பகுதி அந்தமான் நிக்கோபார். அதே ஆண்டு இயற்றப்பட்ட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், இத்தீவுகளுக்கு மக்களவையில் ஓர் இடம் வழங்கியது. ஆனால், அதை நிரப்பும் உரிமையைத் தீவு மக்களிடம் கொடுக்கவில்லை. குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. நாட்டின் பிற பகுதிகளில் 17 கோடிக்கும் அதிகமானோர் வாக்காளர்களாகப் பதிவாகி 489 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். நியமனம் மூலம் வந்தவர்கள் பத்துப் பேர்: ஜம்மு காஷ்மீரிலிருந்து ஆறு பேர், ஆங்கிலோ இந்தியர் இருவர், அசாமின் பழங்குடிப் பகுதிக்கு ஒருவர், அந்தமான் நிக்கோபாருக்கு ஒருவர். அந்தக் கடைசி இடத்துக்குக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் நியமித்தவர்தான் ரிச்சர்ட்சன்.

தீவுகள் தொலைவில் சிதறிக் கிடந்தன, கப்பல் போக்குவரத்து அரிதாக இருந்தது, மக்கள்தொகையும் குறைவு. இவை உண்மையான இடர்ப்பாடுகளே. எனினும், இமயமலைப் பனியிலும் ராஜஸ்தான் பாலைவனத்திலும் வாக்குச்சாவடி அமைத்த ஒரு நாடு, இத்தீவுகளுக்கு வாக்குப்பெட்டியை அனுப்பப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது சற்று அதிகம்தான். நியமனம் தகுதியானவருக்குக் கிடைத்தது என்பதால் அந்தக் குறை மறைந்துவிடவில்லை.

அந்நாளில் கார் நிக்கோபாரிலிருந்து டெல்லிக்குச் செல்வதென்றால் கப்பலில் போர்ட் பிளேர் வந்து, அங்கிருந்து கொல்கத்தாவுக்கோ சென்னைக்கோ மற்றொரு கப்பல் பிடித்து, பின்னர் ரயிலேற வேண்டும். போவதற்கே பல நாள்கள் ஆகிவிடும். குடும்பங்கள் கூட்டாக நிலத்தை வைத்திருக்கும் 'துஹேத்' முறையில் வளர்ந்தவர், தனி உரிமையும் பட்டாவும் பேசும் அவைக்குள் சென்று அமர்ந்தார். அவருடைய பதவிக்காலத்தில், 1956ஆம் ஆண்டு, அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வெளியார் அனுமதியின்றிப் பழங்குடிப் பகுதிகளுக்குள் நுழைவதையும் அங்கு நிலம் பெறுவதையும் இது தடுக்கிறது. நிக்கோபாரிகளின் நிலம் இன்றளவும் அவர்கள் கையில் இருப்பதற்கு முக்கியக் காரணம் இச்சட்டமே. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தீவுகள் யூனியன் பிரதேசமாயின.

1957இல் ரிச்சர்ட்சனின் இடத்துக்கு லச்மன் சிங்கும், 1962இல் நிரஞ்சன் லாலும் நியமிக்கப்பட்டனர். யூனியன் பிரதேசங்களில் மக்களவைக்கு நேரடித் தேர்தல் நடத்த வகைசெய்யும் சட்டம் 1965இல் நிறைவேறியது. அதன்படி 1967இல் தீவு மக்கள் முதன்முறையாகத் தங்கள் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தனர். காங்கிரஸின் கே.ஆர். கணேஷ் வெற்றி பெற்றார். 1971இலும் அவரே வென்று, இந்திரா காந்தி அமைச்சரவையில் நிதித்துறை இணையமைச்சராகப் பணியாற்றினார்.

1977இல் தொடங்கியது மனோரஞ்சன் பக்தாவின் காலம். 1998 வரை தொடர்ந்து ஏழு முறை, பிறகு 2004இல் ஒரு முறை என மொத்தம் எட்டு முறை காங்கிரஸ் சார்பில் அவர் வென்றார். 1999இல் அவரது தொடர் வெற்றியை முறித்த பாஜகவின் விஷ்ணு பத ராய், பின்னர் 2009, 2014, 2024 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி கண்டார்.

இதற்கிடையில் தீவுகளின் வாக்காளர் தொகையே உருமாறியிருந்தது. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள், தமிழகம், ஆந்திரா, கேரளம், ராஞ்சி பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், கிரேட் நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினர் எனப் பல தரப்பினர் வந்து சேர்ந்தனர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறினர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 3,80,581. அதில் நிக்கோபார் மாவட்டத்தின் பங்கு 36,842 மட்டுமே. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதன்று; பொதுத் தொகுதி. வாக்குரிமை இல்லாத காலத்தில் டெல்லியில் ஒலித்த நிக்கோபாரிக் குரல், வாக்குரிமை வந்த பிறகு எண்ணிக்கையில் அமிழ்ந்துபோனது.

ரிச்சர்ட்சன் பதவி முடிந்ததும் தம் தீவுக்கே திரும்பினார். 1966இல் அந்தமான் நிக்கோபார் திருமண்டலம் தனியாக அமைக்கப்பட்டபோது அதன் முதல் பேராயரானார். மத்திய அரசு அவருக்கு 1965இல் பத்மஸ்ரீ விருதும், 1975இல் பத்மபூஷண் விருதும் வழங்கியது. 1978 ஜூன் 3ஆம் தேதி அவர் காலமானார். கார் நிக்கோபாரில் உள்ள அரசு மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமி அத்தீவின் கடற்கரைக் கிராமங்களை அழித்தது. மக்கள் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்து புதிய வீடுகளில் வாழ்ந்து வருகின்றனர்.

நிக்கோபார் மாவட்டப் பழங்குடிப் பகுதிகளுக்கு ஊராட்சி முறை பொருந்தாது. கேப்டன் என்று அழைக்கப்படும் ஊர்த் தலைவர்களும், 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அமைந்த பழங்குடி மன்றங்களுமே அங்கு உள்ளூர் நிர்வாகத்தைக் கவனிக்கின்றனர். மக்களவைத் தேர்தல் நாளில் மட்டும் மற்ற தீவினரோடு அவர்களும் வரிசையில் நிற்கின்றனர். 2024ஆம் ஆண்டு தேர்தலில் அந்த வரிசையில் கிரேட் நிக்கோபாரின் ஷோம்பென் பழங்குடியினர் ஏழு பேரும் முதன்முறையாக நின்று வாக்களித்தனர்.