தத்துவ போதகரும் மோட்ச நம்பிக்கையும்

வைகையாறு சோழவந்தானைக் கடந்து மதுரையை நோக்கிச் செல்லுகின்றது. அதன் இருமருங்கும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் செழித்து நிற்றலைக் காண்போர்க்கு, இந்நிலத்தை விட்டு வேறொரு நாட்டை நாடவேண்டும் என்னும் எண்ணம் எளிதிற் பிறவாது. ஆகவே, மோட்சத்தை நோக்கி வாழ்பவன் இம்மண்ணையும் இதில் வாழும் மாந்தரையும் அசட்டை செய்வானன்றோ என வினவுவாரும் நம்முள் உளர். இவ்வினாவுக்கு வாதத்தினால் விடை கூறாது, மதுரையிலே வாழ்ந்த ஒருவருடைய சரித்திரத்தினால் விடை கூற விழைகின்றோம். அவர், தமிழ் மக்களால் தத்துவ போதகர் என்று அழைக்கப்பெற்ற ராபர்ட் தெ நொபிலி.

நொபிலி 1577-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்தில் உயர்குடியொன்றில் மூத்த மகனாய்ப் பிறந்தார். குடும்பத்தின் செல்வமும் பட்டமும் அவருக்குரியனவாய் இருந்தன. அவற்றைத் துறந்து, உற்றார் விரும்பாதிருந்தும் இயேசு சபையிற் சேர்ந்து குருவானார். 1605-ஆம் ஆண்டில் கோவாவில் வந்திறங்கி, மறு ஆண்டு மதுரையை அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 29.

மதுரையில் அவருக்கு முன்னரே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துகீசியக் குரு பல ஆண்டுகளாக ஊழியஞ் செய்துகொண்டிருந்தார். அவர் பக்தியுள்ளவர், பிறர்க்கு உதவி புரிபவர். ஆயினும் நகரத்தார் ஒருவரேனும் அவர் போதித்த மார்க்கத்தைத் தழுவினாரில்லை. ஐரோப்பியரைப் பறங்கியர் என்றும், ஆசாரமற்றவர் என்றும் மக்கள் இகழ்ந்தமையே இதற்குக் காரணம் என்று நொபிலி கண்டார். பரலோகத்தைத் தம் சொந்த நாடாகக் கொண்டவருக்கு, இத்தாலிய உடையும் ஐரோப்பிய உணவும் விடமுடியாத பொருள்களாகத் தோன்றவில்லை. காவியாடையுடுத்து, மரப்பாதுகை தரித்து, புலாலுண்ணலை முற்றும் ஒழித்து, நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டு வாழலானார். தமிழைத் திருத்தமாகக் கற்றார், தெலுங்கும் பயின்றார், சிவதர்மர் என்னும் பிராமணப் பண்டிதரிடம் வடமொழி கற்றார். வடமொழியில் ஆழ்ந்த புலமை பெற்ற முதல் ஐரோப்பியர் இவரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

இங்கே ஓர் உண்மையைக் கவனிப்போமாக. தனக்கு வேறொரு வீடு உண்டென்று அறிந்த வழிப்போக்கன், தங்கும் சத்திரத்தில் இன்ன அறைதான் வேண்டுமென்று பிணங்கமாட்டான். பின்வருவோர்க்கு அதைச் சுத்தமாகவும் விட்டுச் செல்வான். நொபிலியின் மோட்ச நம்பிக்கை அவரை மதுரையிலிருந்து விலக்கவில்லை. மதுரையாரோடு அவர்கள் மொழியிலே பேசவைத்தது.

அவர் இயற்றிய தமிழ் நூல்களுள் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், புனர்ஜென்ம ஆட்சேபம் என்பன சிறந்தவை. மறுபிறவிக் கொள்கையை மறுத்து எழுதப்பட்டது இறுதியிற் கூறிய நூல். அக்கொள்கையைப் போற்றும் அயலாரோடு வழக்காடுதல் நமது கருத்தன்று. நொபிலிக்கு அது எத்துணைப் பெரிய பொருளாயிருந்தது என்பதையே காட்ட விரும்புகின்றோம். மனிதனுக்குப் பிறவி ஒன்றே எனின், இன்று செய்யத் தவறியதை மறுபிறவியிற் செய்துகொள்ளலாம் என்னும் ஆறுதல் இல்லை. கழிந்துபோகும் இந்நாளிலேதான் நித்தியத்திற்குரிய தீர்மானம் நடைபெறுகின்றது. ஆதலின் மோட்சத்தை நம்புகிறவனுக்கு இவ்வுலக வாழ்வு இலேசானதன்று, மிகவும் கனமுடையது.

அவருடைய வாழ்வில் இடுக்கண்களும் குறைவின்றி வந்தன. அவை பெரும்பாலும் பகைவரால் வந்தவையல்ல. உடன் ஊழியரால் வந்தவை. 1610-ஆம் ஆண்டில் பெர்னாண்டஸ் அவர்மேல் முறையிட்டு எழுதினார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயக் குறிகளா, அன்றி நாட்டு வழக்கங்களா என்னும் வழக்கு எழுந்தது. அவருடைய உறவினரும் ரோமாபுரியிற் பெரும் புகழ்வாய்ந்தவருமான கர்தினால் பெல்லார்மீனும், தவறான செய்தியைக் கேட்டு மனம் நொந்து அவரைக் கண்டித்து எழுதினார். நொபிலியின் விளக்கத்தைக் கண்டபின்னரே மனந் தெளிந்தார். 1619-ஆம் ஆண்டில் கோவாவிற் கூடிய சபையின்முன் அவர் தம் நெறிக்காக வாதாடினார். 1623-ஆம் ஆண்டில் பாப்பரசர் 15-ஆம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். இப்பதின்மூன்று ஆண்டுகளும் அவர் படிப்பையோ, எழுத்தையோ, ஊழியத்தையோ கைவிட்டாரில்லை. மனிதர் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு என்று எண்ணியிருப்பாராயின், அவர் உள்ளம் தளர்ந்தேயிருக்கும்.

ஆயினும் அவரைக் குறையற்றவராகக் காட்டுதல் நேர்மையன்று. உயர்ந்தோர் எனப்பட்டவரைச் சேரும் பொருட்டு, அவர் நகரிலிருந்த பழைய கிறிஸ்தவர்களினின்றும் விலகி வாழ்ந்தார். சாதி வேற்றுமையை நாட்டு வழக்கம் என்று கருதி இடங்கொடுத்தார். ஒரே மோட்சத்தை நாடும் மக்கள் இவ்வுலகில் வெவ்வேறு வாயில்களில் நிற்கும்படி நேர்ந்தது. தாழ்த்தப்பட்டோரையும் சேர்ந்து பழகத்தக்க பண்டார சுவாமிகள் என்னும் குருமார் வகுப்பு அவர் காலத்திலேயே ஏற்பட்டது உண்மை. எனினும் அந்த வேற்றுமையின் தழும்பு திருச்சபையிற் பன்னாள் ஆறாதிருந்தது. அங்கே ஒரே பந்தியில் அமர நம்புகிறவர்கள் இங்கே தனிப்பந்தி விரித்தல் எவ்வாறு பொருந்தும்? அவரது வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற இவ்வினாவையும், அவருடைய தியாகத்தைப் போலவே, நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

1640-ஆம் ஆண்டில், அறுபது வயதைக் கடந்த நிலையில், அவர் மதுரையிற் சிறையிலடைக்கப்பட்டார். விடுதலை பெற்றபின்னும் பணி தொடர்ந்தார். பின்னர் மேலதிகாரிகளின் கட்டளைப்படி, தாம் தமதாக்கிக்கொண்ட மதுரையை விட்டு யாழ்ப்பாணம் சென்றார்; அங்கிருந்து மயிலாப்பூரை அடைந்தார். முன்பு பிறந்த நாட்டை மனமுவந்து விட்டவர், இப்பொழுது முதுமையில் தேர்ந்துகொண்ட நாட்டையும் விட்டார். இரண்டாவது பிரிவே அவருக்கு அரியதாயிருந்திருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். கண்பார்வை ஏறக்குறைய முழுதும் மறைந்தது. அந்நிலையிலும் சிறு குடிலொன்றில் துறவொழுக்கம் வழுவாது வாழ்ந்து, தம் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1656-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இவ்வுலக யாத்திரையை முடித்தார்.

மறுநாளே மோட்சத்தை அடையலாம் என்று காத்திருந்த அக்குருட்டு முதியவர், பிறர் படிக்கவிருக்கும் ஏடுகளிற் பிழை திருத்தியதேன்? மோட்சத்தை நம்புகிறவனுக்கு மண்ணுலக வேலை அற்பமானதன்று என்பதே காரணம். நாம் முன்னர் எழுப்பிய வினாவுக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்காள்! பரீட்சையும் உத்தியோகமும் ஊதியமும் நம் கண்களை நிறைத்திருக்கும் பருவம் இது. அவற்றை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. அவற்றுக்கு அப்பாலும் ஒரு வீடு உண்டென்று அறிந்து, அவ்வீட்டுக்குச் செல்வோர்க்கு ஏற்றவாறு இங்கே உழைப்போமாக. அங்கே நம்மோடு வாழ விருப்போரை இங்கேயே நம் பந்தியில் அமர்த்துவோமாக.