கறுப்பு பேன்ட்டை ஸ்டைலாக்கிய மனிதர்: 'ஃபிட்' சரியாக இருந்தது, கணக்குதான் தவறியது!

அலமாரியில் எத்தனை கலர் பேன்ட் இருந்தாலும், இன்டர்வியூ, கிளையன்ட் மீட்டிங், நண்பன் வீட்டு ரிசப்ஷன் என்றால் கை தானாகப் போவது அந்த ஒரு கறுப்பு பேன்ட்டுக்குத்தான். இப்போது அது 'லோ-ரைஸ்' வடிவத்தில், அதாவது தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பு மேல் உட்காரும் வெட்டில், மறுபடியும் கடைகளுக்கு வந்திருக்கிறது. சிலருக்கு அது செம பாலிஷ்டாக இருக்கிறது. சிலருக்கோ உட்கார்ந்தால் சட்டை வெளியே வருகிறது, பின்னால் இடைவெளி விழுகிறது, கால் குட்டையாகத் தெரிகிறது.

துணியின் விலையைவிட அது உடம்பில் எப்படி உட்காருகிறது என்பதுதான் முக்கியம். இன்று சாதாரணமாகச் சொல்லும் இந்த விஷயத்தை 200 வருடங்களுக்கு முன்பே லண்டனில் ஒருவர் வாழ்ந்து காட்டினார். மாலை நேரத்துக்கு ஒட்டிய கறுப்பு பேன்ட் என்ற பழக்கத்தை பிரபலமாக்கியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவரும் அவர்தான். பெயர் ஜார்ஜ் பிரையன் ப்ரம்மெல். ஊர் வைத்த பெயர் 'போ' ப்ரம்மெல். 'போ' என்றால் பிரெஞ்சில் அழகன்.

அவர் யார், அப்படி என்ன செய்தார், கடைசியில் ஏன் ஒரே ஒரு பேன்ட்டோடு நின்றார்? பார்க்கலாம்.

யார் இந்த ப்ரம்மெல்?

1778 ஜூன் 7-ம் தேதி லண்டனில் பிறந்தார். பிரபுக் குடும்பம் கிடையாது. தாத்தா பெரிய வீட்டில் பணியாளாக இருந்தவர். அப்பா வில்லியம் ப்ரம்மெல், பிரதமர் நார்த் பிரபுவின் தனிச் செயலாளராக உயர்ந்தவர். ஒரு தலைமுறையில் கிடைத்த அந்த ஏற்றம்தான் மகனை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பியது. ஆக்ஸ்போர்டில் கொஞ்ச காலம் படித்தார், முடிக்கவில்லை.

1794-ல் அப்பா இறந்தார். அதே வருடம் ப்ரம்மெல் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்த இடம் சும்மா இல்லை. வேல்ஸ் இளவரசரின் சொந்தக் குதிரைப்படைப் பிரிவு. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான அதே இளவரசர். தன்னைவிட 16 வயது சின்னவரான இந்தப் பையனின் பேச்சும் உடையும் இளவரசருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இரண்டே வருடங்களில் ப்ரம்மெல் கேப்டன். படைப்பிரிவை மான்செஸ்டருக்கு மாற்றப்போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டார். லண்டனை விட்டுப் போக மனசில்லை.

21 வயதானதும் அப்பாவின் சொத்தில் பங்கு வந்தது. 20,000 பவுண்டுக்குக் குறையாது என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் வேலையே செய்யாமல் வசதியாக வாழப் போதுமான தொகை. ஆனால் அவர் பழகிய பிரபுக்களின் வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அது சில்லறை. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். கதையே இதில்தான் இருக்கிறது.

அதுவரை ஆண்கள் என்ன உடுத்தினார்கள்?

18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பணக்கார ஆணை அடையாளம் காட்டியது பளபளப்பு. பட்டு, வெல்வெட், ஜரிகை, பூ வேலைப்பாடு, பவுடர் அடித்த தலை. கீழே முழங்காலோடு முடியும் 'பிரீச்சஸ்', அதற்குக் கீழே நீளமான காலுறை. துணியைப் பார்த்தாலே விலை தெரிய வேண்டும். அதுதான் அன்றைய ஸ்டைல்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு காற்று மாறியது. பிரபு மாதிரி மினுக்குவது ஃபேஷன் என்ற நிலை போய் ஆபத்து என்ற நிலை வந்தது. இங்கிலாந்தில் 1795-ல் தலைமுடிப் பவுடருக்கு வருடம் ஒரு கினி வரி போட்டார்கள். பவுடரைக் கைவிட்டவர்களில் ப்ரம்மெலும் ஒருவர். கிராமப்புறப் பண்ணை வீடுகளில் குதிரை ஏறப் போடும் எளிமையான கம்பளிக் கோட் நகரத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. ப்ரம்மெல் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கச்சிதமாக்கினார்.

அவர் மாற்றியது என்ன?

பகலில் நீலக் கோட், வெளிர் நிற வெயிஸ்ட்கோட், வெளிர் நிறக் கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ். மாலையில் நீலக் கோட், வெள்ளை வெயிஸ்ட்கோட், கணுக்காலில் இறுக்கமாகப் பித்தான் போட்ட கறுப்புக் கால்சட்டை. அவ்வளவுதான். ஜரிகை இல்லை, வாசனைத் திரவியம் இல்லை, நகைக் குவியல் இல்லை. தெருவில் போகும்போது எல்லோரும் திரும்பிப் பார்த்தால் நம் உடையில் ஏதோ தவறு இருக்கிறது என்பதுதான் அவருடைய கொள்கை.

அப்படியானால் அவர் உடை ஏன் தனியாகத் தெரிந்தது? மூன்று காரணங்கள்.

முதலாவது, வெட்டு. கோட்டுக்கு ஒரு டெய்லர், கால்சட்டைக்கு இன்னொருவர் என்று ஆள் பார்த்துத் தைக்கக் கொடுத்தார். ஸ்வைட்சர் அண்ட் டேவிட்சன், வெஸ்டன், மேயர் ஆகிய பெயர்கள் அவரோடு சேர்ந்தே வரலாற்றில் இடம்பிடித்தன. மேயர் இளவரசருக்கும் தைத்தவர். கால்சட்டையின் அடியில் சின்ன வெட்டு விட்டு, பித்தானும் வளையமும் வைத்து மூடும் முறையைக் கொண்டுவந்தது மேயரா, ப்ரம்மெலா என்பது இன்றுவரை பட்டிமன்றம். அந்தப் பித்தானின் வேலை ஒன்றுதான்: துணி மேலே ஏறாமல், முழங்காலில் சுருங்காமல், இடுப்பிலிருந்து கால் வரை ஒரே கோடாக நிற்க வேண்டும். இன்றைய 'ஸ்ட்ரெச்' நூல் இல்லாத காலம் அது. பின்னல் துணியையும், குறுக்குவாட்டில் வெட்டிய துணியையும் வைத்தே அந்த ஒட்டிய வடிவத்தைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது, சுத்தம். தினமும் குளிப்பது, பல் துலக்குவது, முகச்சவரம் செய்வது இதெல்லாம் அன்றைய மேல்தட்டில் கட்டாயம் இல்லை. ப்ரம்மெலுக்குக் கட்டாயம். அன்றாடம் துவைத்த வெள்ளைச் சட்டை வேண்டும்.

மூன்றாவது, கழுத்துத்துணி. எல்லோருடைய கழுத்துத்துணியும் தொளதொளவென்று தொங்கியபோது, ப்ரம்மெல் அதற்கு லேசாகக் கஞ்சி போட்டார். ஒருமுறை கட்டியது சரியாக மடியவில்லை என்றால் அந்தத் துணி அவுட். புதிதாக இன்னொன்று. அவருடைய பணியாள் கசங்கிய துணிகளை அள்ளிக்கொண்டு படியிறங்கி வருவாராம். என்ன இது என்று கேட்டவர்களிடம், இதெல்லாம் இன்றைக்குத் தோற்றுப்போனவை என்று சொன்னதாக ஒரு கதை உண்டு.

மேஃபேரில் அவர் வீட்டில் இந்த அலங்காரத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இளவரசரும் வந்தார். பட்டம் இல்லாத, நிலம் இல்லாத ஒருவர் எது நல்ல உடை என்று நாட்டுக்கே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தார். பிறப்பால் கிடைக்காத மரியாதையை ஒரு சரியான தையல் வாங்கித் தந்தது.

உறவு எங்கே உடைந்தது?

1811-ல் இளவரசர் ரீஜென்ட் ஆனார், அதாவது மன்னருக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பு. அதையொட்டிய வருடங்களில் இருவருக்கும் இடையே விரிசல். 1813-ல் ஒரு விருந்து. அதை நடத்திய நால்வரில் ப்ரம்மெலும் ஒருவர். உள்ளே வந்த இளவரசர் மற்றவர்களோடு பேசினார், ப்ரம்மெலைக் கண்டுகொள்ளவே இல்லை. ப்ரம்மெல் சும்மா விடவில்லை. பக்கத்தில் நின்ற ஆல்வன்லி பிரபுவிடம், உங்கள் குண்டு நண்பர் யார் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். எடை விஷயத்தில் இளவரசர் ரொம்பத் தொட்டாற்சிணுங்கி. உறவு அத்தோடு முடிந்தது.

ஆனால் அவரை வீழ்த்தியது அந்த ஒரு கமென்ட் இல்லை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் அவர் லண்டன் மேல்தட்டின் மத்தியில்தான் இருந்தார். வீழ்த்தியது கடன்.

கடன் எப்படி ஏறியது?

அன்றைய கனவான்கள் உலகில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. சூதாட்டத்தில் தோற்ற பணத்தை உடனே கட்ட வேண்டும், அது மானப் பிரச்சினை. டெய்லர், செருப்புத் தைப்பவர், சலவைக்காரர் பாக்கி எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம், அது மானப் பிரச்சினை இல்லை! அதாவது உழைத்தவருக்கு கடைசி வரிசை. ப்ரம்மெல் போட்டால் அந்தக் கோட் ஊரெல்லாம் விற்கும் என்பதால் கடைக்காரர்களும் அவரை நெருக்கவில்லை. இன்றைய 'இன்ஃப்ளூயன்சர்' கணக்கு மாதிரிதான்.

எளிமையாகத் தெரிந்த அந்த உடையில் எளிமையானது எதுவும் இல்லை. நாளுக்குப் பல வெள்ளைத் துணிகள், அதைத் துவைக்க ஆள், இஸ்திரி போட ஆள், உயர்தரக் கம்பளி, தனித்தனி டெய்லர்கள். கூடவே வாட்டியர்ஸ் போன்ற கிளப்புகளில் பெரும் தொகைக்குச் சூதாட்டம். நண்பர்களோடு கூட்டாக வாங்கிய கடனில் தன் பங்கைக் கட்டவில்லை என்ற புகார் கிளப்புக்குள்ளேயே வெடித்ததும் இனி யாரும் கடன் தரத் தயாராக இல்லை.

1816 மே மாதம் ஒரு மாலை. வழக்கம்போல உடுத்தி, ஆபராவுக்குப் போய் முகம் காட்டினார். அங்கிருந்து நேராக டோவர் துறைமுகம். மறுநாள் கடல் தாண்டி பிரான்ஸின் கலே நகரில் இருந்தார். கடன்காரர்களின் கை அங்கே எட்டாது. சில நாட்களிலேயே அவர் வீட்டுப் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. வயது 38 கூட ஆகவில்லை. மறுபடி இங்கிலாந்தில் அவர் வாழவே இல்லை.

ஒரே ஒரு பேன்ட்

கலேயில் 14 வருடம். நண்பர்கள் அனுப்பிய பணத்தில் ஓடியது, அங்கேயும் கடன் சேர்ந்தது. 1830-ல் கான் என்ற ஊரில் பிரிட்டிஷ் தூதரக அலுவலர் பதவி கிடைத்தது. வருடம் 400 பவுண்ட். சம்பளத்தின் பெரும்பகுதி கலே கடனுக்கே போனது. இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில், இந்தப் பதவியே இங்கே தேவையில்லை என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அதை அப்படியே ஏற்று 1832-ல் பதவியை மூடிவிட்டது. வேறு வேலை வரவில்லை.

1835-ல் கடனுக்காக கான் சிறையில் அடைக்கப்பட்டார். இங்கிலாந்து நண்பர்கள் பணம் திரட்டி மீட்டார்கள். வெள்ளைக் கழுத்துத்துணிக்காக ஊரையே திரும்ப வைத்தவர், சலவைச் செலவு தாங்காமல் கறுப்புத் துணிக்கு மாறினார். கால்சட்டையும் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதைத் தைத்துத் திரும்பக் கொண்டுவரும் வரை படுக்கையிலேயே இருந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இவ்வளவு பேர் பெற்ற மனிதர் கிழிந்த உடையோடு நடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் உள்ளூர் டெய்லர் ஒருவர் காசு வாங்காமலே தைத்துக் கொடுத்தாராம். வாழ்நாள் முழுக்க டெய்லர்களைக் காக்க வைத்தவருக்கு, கடைசியில் கை கொடுத்ததும் ஒரு டெய்லர்தான்.

நோய் முற்றி மனநிலையும் கலங்கியது. சில இரவுகளில் அறையில் மெழுகுவத்திகளை ஏற்றச் சொல்லி, எப்போதோ இறந்துபோன சீமாட்டிகளின் பெயர்களை பணியாளை விட்டு அறிவிக்கச் சொல்வார். காலியான வாசலுக்கு வணக்கம் சொல்லி வரவேற்பார். 1840 மார்ச் 30-ம் தேதி கானில் உள்ள பான் சவ்வூர் மனநலக் காப்பகத்தில் இறந்தார். வயது 61.

2002-ல் லண்டன் ஜெர்மின் தெருவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். சுற்றிலும் சட்டைக் கடைகள்!

சரி, நம் கறுப்பு பேன்ட்டுக்கு இதில் என்ன இருக்கு?

ப்ரம்மெல் போட்டது லோ-ரைஸ் கிடையாது. அந்தக் காலக் கால்சட்டைகள் இடுப்புக்கு மேலே ஏறி, தோள்பட்டை வாரில் தொங்கியவை. ஆனால் உடம்பின் கோடு எங்கேயும் உடையக் கூடாது என்ற அவர் விதி லோ-ரைஸுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். வாங்கும்போது கவனிக்க:

• ரைஸ் அளவு: இரண்டு காலும் சேரும் தையலிலிருந்து முன்பக்க பெல்ட் பட்டி வரை உள்ள உயரம். சுமார் 8 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் லோ-ரைஸ். முதல் பேன்ட் என்றால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது ஆபீஸுக்குப் பாதுகாப்பு.

• உட்கார்ந்து பாருங்கள்: ட்ரயல் ரூமில் நின்று மட்டும் பார்க்காதீர்கள். உட்கார்ந்தால் பின்னால் இடைவெளி விழுகிறதா? இடுப்புப் பட்டி நேராக வெட்டியிருந்தால் அப்படித்தான் ஆகும். வளைவாக வெட்டிய பட்டி இடுப்பெலும்பில் படிந்து உட்காரும். பின்பக்க உயரம் முன்பக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

• சுருக்கத்தைப் படியுங்கள்: தொடைக்கு மேலே படுக்கைவாட்டில் கோடு விழுந்தாலோ, பாக்கெட் வாய் திறந்து நின்றாலோ இடுப்பில் துணி பத்தவில்லை. பெல்ட் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்து டெய்லரிடம் இடுப்பைக் குறைப்பது நல்லது.

• நீளம்: இடுப்புக்கோடு இறங்கினால் கால் குட்டையாகத் தெரியும். பேன்ட் அடி ஷூவைத் தொட்டு நிற்கட்டும். கறுப்பு ஷூ போட்டால் கோடு தொடரும்.

• மேலே: உள்ளே விடும் சட்டை நீளமாக இருக்க வேண்டும், கையைத் தூக்கினாலும் வெளியே வரக் கூடாது. இல்லையென்றால் இடுப்பெலும்பைத் தாண்டி முடியும் பிளேஸர் போதும். பெல்ட் மெல்லியதாக இருக்கட்டும்.

• கறுப்பைக் காப்பாற்ற: உள்பக்கம் வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள். வெளிறிய கறுப்பு எந்த ஃபிட்டையும் கெடுத்துவிடும்.

இதில் பெரும்பாலானவற்றுக்குப் பிராண்ட் தேவையில்லை. கண்ணாடியும் ஒரு நல்ல ஆல்டரேஷன் டெய்லரும் போதும். நன்றாக உடுத்த நிறைய செலவழிக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தவர் ப்ரம்மெல். அதே எண்ணத்துக்கு இரையானவரும் அவர்தான். அதனால் அடுத்த பேன்ட்டை மாதத் தவணையில் போடும் முன், இருக்கும் பேன்ட்டை ஒருமுறை டெய்லரிடம் எடுத்துப்போங்கள். கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.