பித்தரைப் பிணியாளராய்க் கண்ட பிலிப் பினெல்

உடலில் நோய் கண்டால் உற்றார் இரங்குவர். உள்ளத்தில் நோய் கண்டால் உற்றாரும் அஞ்சி அகல்வர். காய்ச்சலுற்றவனைக் கட்டிலிற் கிடத்தும் உலகம், பித்துற்றவனைச் சங்கிலியிற் பிணித்தது. இவ்வழக்கம் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ உரியதன்று. நெடுங்காலம் பல தேயங்களிலும் நிலவியதேயாகும். பித்தரும் பிணியாளரே என்றும், அப்பிணியும் ஆராய்தற்குரியதே என்றும், பலரிடத்து அது தீர்தற்குரியதே என்றும் எடுத்துக்காட்டிய அறிஞருள் முன்னிற்பவர் பிலிப் பினெல் என்னும் பிரெஞ்சு மருத்துவராவர். மனநோய்களைப் பற்றிய நூல்களைப் பயிலத் தொடங்கும் மாணவர், அவற்றின் முதல் ஏடுகளிலேயே அவர் பெயரைக் காண்பர். அவர்தம் வாழ்க்கையையும், அவ்வாழ்க்கையின்மேற் படர்ந்த ஒரு கதையையும், அக்கதையின் அடியிற் கிடக்கும் உண்மையையும் ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

பினெல் 1745ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பிரான்சு நாட்டின் தென்பகுதியிற் பிறந்தார். அவர் குடும்பம் வழிவழியாக மருத்துவத்தொழில் புரிந்துவந்த குடும்பம். எனினும் இளமையில் அவர் குருத்துவத்திற்குரிய கல்வியையே பயின்றார். பின்னர் மனம் மாறி, தூலூஸ் நகரில் மருத்துவம் கற்று, 1773இல் பட்டம் பெற்றார். அதன்பின் அக்காலத்து மருத்துவக் கல்விக்குப் பெயர்பெற்ற மொன்பெலியே நகரில் நான்காண்டுகள் தங்கி, மருத்துவமனைகளில் நோயாளரைக் கண்டு குறிப்பெழுதும் வழக்கத்தை மேற்கொண்டார். காண்பதை உடனே எழுதிவைக்கும் அவ்வழக்கமே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1778இல் பாரிஸ் மாநகருக்கு வந்த அவரை அந்நகரத்து மருத்துவர் குழாம் வரவேற்கவில்லை. வெளி மாகாணத்துப் பட்டம் பெற்றோர் பாரிஸில் மருத்துவம் புரிதற்கு அந்நாளைய விதிகள் இடந்தரவில்லை. ஆதலின், கணிதம் கற்பித்தும், மருத்துவ இதழொன்றை நடத்தியும், கல்லன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் எழுதிய நூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தும் ஏறக்குறைய பதினைந்தாண்டுகள் காலங்கழித்தார். கைத்தொழிலறிந்தும் அதனைச் செய்யவொண்ணாத வறுமை அது.

அந்நாட்களில் அவர் உள்ளத்தைப் புண்படுத்திய ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அவருடைய நண்பரான இளைஞர் ஒருவர் மனக்கலக்கமுற்று, அது முற்றி, பரிதாபமான முறையில் உயிர்நீத்தார். தக்க சிகிச்சை கிடைத்திருப்பின் அவர் பிழைத்திருத்தல் கூடும் என்னும் எண்ணம் பினெலை விட்டு நீங்கவில்லை. அதன்பின் அவர் மனநோயைத் தம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். பாரிஸில் பெலோம் என்பவர் நடத்திய தனியார் விடுதியிற் சில ஆண்டுகள் சென்று வந்து, ஆங்கிருந்த மனநோயாளரைக் கண்டு பயின்றார்.

இதற்கிடையே 1789இல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பழைய விதிகள் தகர்ந்தன. பழைய குழாங்களின் அதிகாரமும் ஒழிந்தது. 1793இல், தமது நாற்பத்தெட்டாம் வயதில், பினெல் பாரிஸை அடுத்த பிஸேத்ர் என்னும் பெரிய காப்பகத்திற்கு மருத்துவராக நியமிக்கப்பெற்றார். அவ்விடம் முதியோர், வறியோர், நோயாளர், குற்றவாளிகள் என ஆயிரக்கணக்கான ஆடவர் ஒருங்கே அடைபட்டிருந்த இடம். அவருள் ஏறக்குறைய இருநூற்றுவர் மனநோயாளர். பாரிஸ் நகரத்துப் பழைய பொது மருத்துவமனையில் குருதி வாங்கியும், பேதி கொடுத்தும், நீராட்டியும் பார்த்துத் தீராதவரென்று கைவிடப்பட்டோரே பெரும்பாலும் பிஸேத்ரை அடைந்தனர். ஆங்கே அவர்க்கு எஞ்சியிருந்தவை வைக்கோற் படுக்கையும் இருப்புச் சங்கிலியுமே.

அக்காப்பகத்திற் பினெல் கண்டெடுத்த பெருஞ்செல்வம் ஒரு மனிதர். அவர் பெயர் ழான் பத்தீஸ்த் புஸ்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளியாகிய அவர், கண்டமாலை நோயுற்று பிஸேத்ருக்கு வந்து, நலமடைந்தபின் அங்கேயே பணியாளராகி, படிப்படியாக உயர்ந்து, மனநோயாளர் பகுதியின் கண்காணிப்பாளரானவர். பட்டமோ பதவிப்பெருமையோ அவர்க்கு இல்லை. ஆயினும் அவரும் அவர் மனைவியாரும் நோயாளரை நாள்தோறும் அருகிருந்து நோக்கி, எவரெவர்க்கு எச்சொல் இதமாம், எச்செயல் வெகுளியூட்டும் என்பதை நன்கறிந்திருந்தனர். நோயாளர் எத்துணைச் சினமூட்டினும் ஏவலர் அடித்தலாகாது என்பது புஸ்ஸேன் வகுத்த விதி. நலமடைந்துவரும் நோயாளரையே ஏவலராக அமர்த்துதலும் அவர் கண்ட முறை. நோயின் துயரைத் தாமே துய்த்தவர் பிறர்பாற் கொடுமை செய்யார் என்பது அவர் கருத்து.

பல்கலைக்கழகப் பட்டமும் பன்மொழிப் புலமையும் வாய்ந்த பினெல், தோற்றொழிலாளி ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார் என்பதே அவர் வாழ்க்கையின் தலையாய செய்தி என்று யாம் கருதுகின்றோம். புஸ்ஸேன் எழுதிவைத்த குறிப்புக்களை அவர் கேட்டுப் பெற்றார்; தம் நூலில் அவர்க்குரிய நன்றியையும் மறவாது பொறித்தார்.

பிஸேத்ரிற் பினெல் நாள்தோறும் நோயாளரிடையே சென்று, அவரோடு நெடும்பொழுது உரையாடி, ஒவ்வொருவர் வரலாற்றையும் எழுதினார். அவ்வாறு கண்டவற்றிலிருந்து மனநோயைச் சில பெரும்பிரிவுகளாக வகுத்தார். ஒரே எண்ணத்தில் ஆழ்ந்து சோர்ந்துகிடக்கும் ஏக்கநோய் ஒன்று; கொந்தளித்தெழும் வெறிநோய் மற்றொன்று; எண்ணங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றுச் சிதறும் அறிவுச்சிதைவு பிறிதொன்று; அறிவே தொழிற்படாத பேதைமை இன்னுமொன்று. வெறிநோயிலும் ஒரு புதுமையை அவர் கண்டார். சிலர் தெளிவாகப் பேசுவர், முறையாகச் சிந்திப்பர்; ஆயினும் அடக்கவொண்ணாத வெகுளியால் உந்தப்பட்டுக் கொடுஞ்செயல் புரிவர். பித்தென்பது அறிவின் பிழையே என்று அந்நாளைய தத்துவ ஆசிரியர் கருதியிருந்தமையின், அறிவு பிழையாதிருக்கவும் பித்துண்டாதல் கூடும் என்னும் இக்காட்சி பினெலையே வியப்பிலாழ்த்தியது. நூலிற் படித்த கொள்கைக்கும் கண்ணிற் கண்ட நோயாளிக்கும் மாறுபாடு தோன்றியவிடத்து, அவர் நோயாளியையே நம்பினார்.

நோயின் காரணங்களாகக் குடிவழியையும், துன்பம், அச்சம், நிறைவேறாக் காதல், மிதமிஞ்சிய சமயவெறி, புரட்சிக்காலத்து அதிர்ச்சிகள் ஆகியவற்றையும் அவர் குறித்தார். இறந்தோரின் மூளையை அறுத்து நோக்கியும் பலரிடத்து யாதொரு பழுதும் கண்ணுக்குப் புலப்படாமையின், நோயாளியின் உள்ளத்தின் வாயிலாகவே நோயை அணுகுதல் வேண்டும் என்று முடிபு செய்தார். குருதி வாங்குதலை மிகக் குறைத்தார். அன்புடன் கூடிய உறுதி, ஒழுங்கான நாட்கடமை, உடலுழைப்பு, நன்னம்பிக்கை ஊட்டும் உரையாடல் ஆகியவையே அவர் மேற்கொண்ட உளவழிச் சிகிச்சை. ஸ்பெயின் நாட்டுச் சரகோசா நகர மருத்துவமனையில் நோயாளர் வயல்வேலை செய்து நலமடைதலை அவர் வியந்து பாராட்டினார்.

இச்சிகிச்சை எப்பொழுதும் வெற்றி பெற்றதென்று அவர் கூறினாரல்லர். புரட்சியின் கொடுநாட்களில், தாம் உரைத்த ஒரு சொல்லுக்காகத் தலை கொய்யப்படும் என்றஞ்சிப் பித்துற்ற தையற்காரர் ஒருவர் அவர் பார்வையில் இருந்தார். இளமருத்துவர் மூவரை நீதிபதிகள்போல் உடுத்துவித்து, போலி வழக்கு மன்றம் ஒன்று கூட்டி, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கச் செய்தார் பினெல். தையற்காரர் தேறினார். ஆயின் அஃது ஒரு நாடகமே என்பதைப் பின்னர் எவரோ வெளியிட்டுவிட, நோய் திரும்பியது. தம் தோல்வியையும் வெற்றியோடு ஒருங்கே எழுதிவைத்தமை பினெலின் நேர்மைக்குச் சான்றாகும்.

1795இல் அவர் பெண்டிர்க்குரிய பெருங்காப்பகமாகிய சால்பெத்ரியேரின் தலைமை மருத்துவரானார். 1798இல் நோய்களின் வகைபாடு பற்றிய நூலையும், அதனையடுத்து 1801 அளவில் மனநோய் பற்றிய தம் பெருநூலையும் வெளியிட்டார். பின்னதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1806இல் வந்தது. 1802 முதல் 1805 வரையில் சால்பெத்ரியேரிற் சேர்ந்த 1002 நோயாளருள் 473 பேர் நலமடைந்ததாகக் கணக்கிட்டு வெளியிட்டார். மருத்துவத்தின் பயனை எண்ணால் அளந்து காட்டவேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்திற்குப் புதிது.

இனி, அவரைப் பற்றி உலகம் சொல்லும் கதைக்கு வருவோம். புரட்சித் தலைவருள் ஒருவராகிய கூத்தோன் பிஸேத்ருக்கு வந்து, இவ்விலங்குகளை அவிழ்க்க நினைக்கும் நீரும் பித்தரோ என்று வினவியதாகவும், பினெல் அஞ்சாது தம் கையாலேயே சங்கிலிகளை அகற்றியதாகவும் அக்கதை கூறும். பினெலின் மைந்தர் ஸிப்பியோனும் மாணவர் எஸ்கிரோலும் இக்கதை பரவுதற்குக் காரணராயினர். 1876இல் ரொபேர் பிளூரி என்னும் ஓவியர், சால்பெத்ரியேரில் ஒரு பெண்ணின் கட்டு அவிழ்க்கப்படுவதைப் பினெல் நோக்கி நிற்பதாகத் தீட்டிய ஓவியம் அவர்தம் புகழை மேலும் பெருக்கியது.

வரலாற்றாசிரியர் ஆராய்ந்து கண்ட உண்மை வேறு. பிஸேத்ரில் விலங்குகளை நீக்கியவர் புஸ்ஸேனே. அது நிகழ்ந்தது 1797இல். பினெல் அவ்விடத்தை விட்டகன்று ஈராண்டுகள் கழிந்தபின். அச்செயலை அறிந்த பினெல், புஸ்ஸேனைச் சால்பெத்ரியேருக்கு வரவழைத்துக்கொள்ள முயன்று, 1802இல் அம்முயற்சியிற் சித்திபெற்றார். அங்கும் சங்கிலிகள் ஒழிந்தன. இத்தாலியில் கியாரூஜி என்பார் இதற்கு முன்னரே புளோரன்சு நகரில் சங்கிலியை விலக்கியிருந்தார். இங்கிலாந்தில் குவேக்கர் சமயத்தவராகிய வில்லியம் டியூக் 1796இல் யார்க் நகரிற் கருணை இல்லம் ஒன்றைத் திறந்தார். ஒரு நல்லெண்ணம் பலர் உள்ளத்திலும் ஒருங்கே அரும்பிய காலம் அது.

கதை பொய்த்ததனால் பினெலின் பெருமை குறைந்ததோ? குறைந்ததன்று என்பதே எம் கருத்து. பிறர் செய்த நன்மையைத் தமதென்று அவர் உரிமை கொண்டாடவில்லை. புஸ்ஸேனின் செயலைப் புஸ்ஸேனுடையதென்றே எழுதிவைத்தார். ஆசிரியர் உண்மை கூறியிருக்க, அவர்பால் அன்புடையோரே கதை புனைந்தனர். குறைகளும் அவர்பால் உண்டு. சங்கிலிக்கு மாற்றாகக் கைகளைப் பிணிக்கும் இறுக்கச் சட்டையை அவர் கைவிட்டாரல்லர். அடங்காதவரை அடக்கத் தண்ணீர்த் தாரையும் பயன்பட்டது. இரும்பு விலங்கு கழன்றவிடத்து மருத்துவரின் கண்ணோக்கே ஒரு புதிய விலங்காயிற்று என்று 1961இல் மிஷேல் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் வாதித்தார். அவ்வாதம் எண்ணிப் பார்த்தற்குரியதே.

பினெலின் முதுமை அமைதியாகக் கழியவில்லை. 1822இல் அரசினர் பாரிஸ் மருத்துவக் கல்லூரியை மாற்றியமைத்தபோது, பேராசிரியர் பலரோடு அவரும் பதவி நீக்கப்பெற்றார். 1826 அக்டோபர் 25ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். 1885இல் சால்பெத்ரியேரின் முன் அவர்க்குச் சிலை நாட்டப்பெற்றது. அவ்வாண்டிலேயே வியன்னாவிலிருந்து சிக்மண்டு பிராய்டு என்னும் இளமருத்துவர், அதே மருத்துவமனையிற் சார்க்கோ என்னும் பேராசிரியரிடம் பாடங்கேட்க வந்தார். நோயாளியின் பேச்சைச் செவிமடுத்தலே சிகிச்சையின் வாயில் என்னும் கொள்கை, அவரால் வேறொரு வழியில் விரிவடைந்தது.

மாணவ நண்பர்காள்! இவ்வரலாறு பிரான்சு நாட்டில் முடிந்துபோன பழங்கதை என்று எண்ணற்க. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நம் தமிழ்நாட்டு ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்பியோட இயலாது மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுதல் எவ்வகையாலும் கூடாது என்று நம் நாட்டுச் சட்டம் 2017இல் விதித்தது. சட்டம் இரும்பைக் களையும். அச்சத்தையும் இகழ்ச்சியையும் களைய வேண்டுவோர் நாமே.

உளநூலைத் தேர்வுக்காகப் பயில்வோர் நோய்களின் பெயர்களை மனப்பாடம் செய்தல் எளிது. அப்பெயர்களுக்குப் பின்னே ஒவ்வொருவரும் ஒரு தாயின் மகவாய், ஒரு வீட்டின் விளக்காய் இருந்தவர் என்பதை மறவாமையே அரிது. நம் வீட்டிலோ அண்டையிலோ ஒருவர் உளம் கலங்கின், மறைத்து வைத்தலும் ஏளனஞ் செய்தலும் ஒழித்து, அருகமர்ந்து அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு, தக்க மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாயின், அதுவே பினெலுக்கும், அவர்க்கு ஆசானாயமைந்த தோற்றொழிலாளர் புஸ்ஸேனுக்கும் நாம் செய்யும் நன்றியாகும்.