டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: செவிலிய மாணவர்களின் மன அழுத்தத்திற்கு ஒரு முன்னோடியின் வாழ்வு காட்டும் வழி

செவிலியக் கல்விக்காக முதன்முறை வீட்டைப் பிரியும் மாணவர்க்குத் தேர்வு, இரவுப்பணி, நோயாளியின் மரணம் ஆகிய அனைத்தும் ஒருசேர வருகின்றன. அவ்வேளையில் தோன்றும் அச்சம் இயல்பானதே. புதுக்கோட்டையில் பிறந்த ஒரு மருத்துவரின் வாழ்வு இதற்குச் சான்றாகும்.

இளமையும் கல்வியும்

ஆலங்குடி வட்டத்தையும் உள்ளடக்கியிருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தில், 1886 ஜூலை 30 அன்று முத்துலட்சுமி பிறந்தார். பருவமடைந்தபின் பள்ளிக்கல்வி தடைப்பட்டது. தந்தை நாராயணசாமி வீட்டிலேயே கற்பித்தார். தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி வழங்கினார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பார்வைக் குறைபாடும் நலிந்த உடலும் அவரை வருத்தின. மாணவியரை வகுப்பில் ஏற்கத் தயங்கிய ஆசிரியரும் இருந்தனர். எனினும் 1912இல் சிறப்பாகத் தேறினார்.

துயரைப் பணியாக்கியவர்

புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தார். மருத்துவராக இருந்தும் காப்பாற்ற இயலாத அத்துயரமே, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கத் தூண்டுதலாயிற்று. ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தையும் நிறுவினார். 1968இல் மறைந்தார். அவரது பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

மாணவரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

அவரது மனவுறுதி பெரிது. ஆயினும் அவர் தனித்து நிற்கவில்லை. தந்தையின் துணை தொடக்கம் முதலே இருந்தது. அத்தகைய துணையைப் பெற்றோரும் அளிக்கலாம்.

- மதிப்பெண்ணை வினவுமுன் உறக்கத்தையும் உணவையும் வினவுங்கள்.
- நோயாளியின் மரணத்தால் மாணவர் கலங்கினால் அதைக் கோழைமை என்னாதீர், பேசவிட்டுக் கேளுங்கள்.
- மாணவர்கள் பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பயில்க. செய்முறையில் ஐயம் எழுந்தால் மூத்த செவிலியரிடம் தயங்காது கேட்க.
- படபடப்பு எழும்போது மெதுவாக மூச்சை இழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுக.

உதவி பெறுக

உறக்கமின்மை, பசியின்மை, இடைவிடாத அச்சம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுக. தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திராமல் உடனே 14416 அல்லது 104 என்னும் எண்ணில் அழைக்க. அருகிலுள்ளோர் அவரைத் தனியே விடலாகாது.