மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

தமிழ்மொழி வாயிலாக மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தல் இயலுமா என்னும் வினா கருத்தரங்குதோறும் எழுப்பப்பெறுகின்றது. இயலும் என்போர் ஆர்வத்தால் பேசுகின்றனர். இயலாது என்போர் நூல்கள் எங்கே எனக் கேட்கின்றனர். இருசாராரும் யாழ்ப்பாணத்து மானிப்பாயை மறந்துவிடுகின்றனர் என்பதே நம் வருத்தம். அவ்வூரில் 1864ஆம் ஆண்டிலேயே மேனாட்டு மருத்துவ வகுப்புத் தமிழில் நடைபெற்றது. நடத்தியவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அப்பெருமகனாரின் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 அக்டோபர் 10ஆம் நாள் கிறீன் பிறந்தார். நியூயார்க்கு மாநகரை இன்றைய பெருவடிவில் ஒன்றிணைத்த ஆண்ட்ரு ஹாஸ்வெல் கிறீன் இவருடைய உடன்பிறந்தார். ஒருவர் உலகின் பெருநகர் ஒன்றை உருவாக்க, மற்றவர் பனைசூழ்ந்த சிற்றூர் ஒன்றைத் தேடி வந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்ற கிறீன், 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் அடைந்தார். சமயம் பரப்புதலே அவரை அனுப்பியோரின் நோக்கம். அவருடைய நோக்கமும் அதுவே. அதனை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது. எனினும், அந்நோக்கத்தோடு வந்தவர் தமிழுக்குச் செய்த பணி எச்சமயத்தாரும் நன்றியுடன் ஏற்கத்தக்கது.

அவர் வந்து சேர்ந்த மண் மருத்துவம் அறியாத மண் அன்று. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய மருத்துவ நூல்களைக் கண்ட மண் அது. அமெரிக்க மிஷனின் மருத்துவர்களும் அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றியிருந்தனர். வட்டுக்கோட்டையில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1848இல் மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்ட கிறீன், நோயாளரைப் பார்த்துக்கொண்டே மாணாக்கர் சிலரைச் சேர்த்து மருத்துவமும் கற்பிக்கலானார். கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொடக்கத்தில் பாடமொழி ஆங்கிலமே. பயின்றோரும் திறமையாளரே. ஆயினும் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற இளைஞர் அரசுப் பணியையும் உயர்ந்த ஊதியத்தையும் நாடினர். நோய் மிகுந்த சிற்றூர்களோ மருத்துவரின்றியே கிடந்தன. ஒரு மொழியைக் கற்பிக்குங்கால் அம்மொழி வழங்கும் இடத்துக்குச் செல்லும் வழியையும் சேர்த்தே கற்பிக்கின்றோம் என்பதைக் கிறீன் கண்டுகொண்டார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் மணம் புரிந்து மீண்டவர், 1864இல் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. அது மாணாக்கரிடமிருந்தே எழுந்தது என்பது வேதனை தருவது; வியப்புத் தருவது அன்று. தமிழில் கற்றால் வேலை ஏது, மதிப்பு ஏது என்னும் கவலை அன்றும் இருந்தது. நம் துறையில் சேரும் மாணவரின் பெற்றோரிடம் நாம் ஆண்டுதோறும் கேட்கும் கவலையும் அதுவே. கிறீன் தளரவில்லை. பெருநகர் மருத்துவரை உருவாக்குதல் தம் வேலையன்று. தம் ஊரில் தங்கி, தம்மவரிடம் எளிய கட்டணம் பெற்று வாழத்தக்க மருத்துவரை உருவாக்குதலே தம் வேலை என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்று மருத்துவரானோர் இருமொழி வகுப்புகளிலும் சேர்த்து அறுபதுக்கு மேற்பட்டோர்.

நூலின்றி வகுப்பு ஏது? 1852இலேயே கட்டரின் உடற்கூற்று நூலைத் தமிழில் வெளியிட்டிருந்த கிறீன், அப்பணியை மேலும் விரித்தார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம் கிரேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியது. அவ்வாங்கில நூல் இலண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது! இன்றைய வசதிகள் அனைத்தும் கொண்ட நாம் இவ்விரைவைக் கண்டு நாணத்தான் வேண்டும். அனைத்தையும் கூட்டினால் நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும்.

இப்பணியைக் கிறீன் தனித்துச் செய்தாரல்லர். சாப்மன், டான்போர்த் முதலிய மாணாக்கர் உடனிருந்து மொழிபெயர்த்தனர். பெயர் கண்டு மயங்கற்க. மிஷன் பள்ளியில் பயின்ற தமிழ்ப் பிள்ளைகளே இவர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞர் தம் மாணாக்கருடன் கூடி, காலன் என்னும் கிரேக்க மருத்துவரின் நூல்களை அரபு மொழிக்குக் கொணர்ந்தமை இங்கு நினைவுக்கு வருகின்றது. அங்கே கலீபாக்களின் கருவூலம் துணை நின்றது. மானிப்பாயில் அவ்வளவு பெரிய துணை இல்லை.

கலைச்சொல்லாக்கத்தில் கிறீன் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் தேடுவது. கிடைக்காவிடின் வடமொழியை நாடுவது. அங்கும் கிடைக்காவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயையத் திரித்துக்கொள்வது. இந்நூல்களில் வடசொல் மிகுதி என்பது உண்மையே. சுகரணம் எனின் இன்றைய மாணவர்க்கு விளங்காது. உடலியங்கியல் என்றே நாம் விளக்குதல் வேண்டும். இதனைக் குறையாகக் கூறுவோர் அவர் காலத்து உரைநடையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. நிறைவான சொல் பிறக்கும்வரை காத்திருந்திருந்தால் ஒரு வகுப்பும் நடந்திராது.

மாணாக்கர் தமிழ் உடையிலும் உணவிலும் மாறாதிருத்தல் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். கோட்டும் சப்பாத்தும் அணிந்த மருத்துவனிடம் ஏழை தயங்கி நிற்பான் என்பதை அந்த அமெரிக்கர் அறிந்திருந்தார்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். வூஸ்டரில் இருந்தவாறே மொழிபெயர்ப்புகளைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. 1884 மே 28ஆம் நாள், அறுபத்தோராம் அகவையில் மறைந்தார். அரசின் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி வளர, மானிப்பாயின் தமிழ் வகுப்பு நிலைபெறாது போயிற்று. அங்குள்ள மருத்துவமனை அவர் பெயரால் வழங்குகின்றது. ஈழத்துக் கவிஞர் அம்பி 1967இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' அவர் நினைவை மீட்டுத் தந்தது. வூஸ்டரில் உள்ள கல்லறையில், தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்பதை, அவர் விரும்பியவாறே பொறித்துள்ளனர்.