காலம் கடந்து வந்த பட்டம்

பழைய நூலுக்குப் பிற்காலத்தார் புத்துரை கண்டு, முன்னை உரையின் குறை நிறைகளை ஆராய்வது தமிழ் பயில்வார்க்குப் பழகிய நெறி. சதுரங்கத்திலும் இந்நெறி உண்டு. முன்னோர் ஆட்டங்கள் நகர்த்தல்தோறும் குறித்து வைக்கப்பட்டுள்ளமையால், பின்வந்தோரும் கணினியும் அவற்றை மீண்டும் எடைபோட இயலுகிறது. அவ்வாறு எடைபோட்டபோது ஏற்றம் பெற்ற பெருமகனார் மீர் சுல்தான் கான்.

பஞ்சாபின் மித்தா திவானாவில் பிறந்த அவர், இளமையில் தந்தையாரிடம் இந்திய முறைச் சதுரங்கம் கற்றார். நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து, விதிகள் வேறான ஐரோப்பிய முறையிலும் பயிற்சி பெறச் செய்தார். 1928இல் அகில இந்தியப் போட்டியில் வென்றவர், மறு ஆண்டே இங்கிலாந்து சென்று பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்றார். அதே இல்லத்திலிருந்து சென்ற பாத்திமா என்னும் பெண்மணி, 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தைப் பெற்றமையும் நினைக்கத்தக்கது.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவை அவர் 65 நகர்த்தல்களில் வீழ்த்தினார். நூலறிவின்றி இயல்பால் ஆடுபவர் என்றே அந்நாளில் அவரைப் பலர் எழுதினர். எழுத்தறியாப் பணியாள் என்ற கூற்றும் பரவியது. அதனை அவர்தம் குடும்பத்தார் மறுத்துள்ளனர்.

ஆட்டக் குறிப்போ வேறு சான்று பகர்கிறது. அன்று தொடக்கத்திலேயே ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை அவர் ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினார். அச்சிறு நகர்த்தலைப் பிற்காலத்தில் பெட்ரோசியானும் காஸ்பரோவும் பேராயுதமாகக் கொண்டனர். இன்று அம்முறை பெட்ரோசியான் பெயரால் வழங்குகிறது. 2006இல் சுலோவேனிய அறிஞர் இருவர், உலகச் சாம்பியன்களின் பட்டப் போட்டி ஆட்டங்களைக் கணினியால் ஆராய்ந்தனர். பிழை மிகக் குறைவாக ஆடியவர் கபபிளாங்கா என்று கண்டனர். அத்தகையவரை வென்றது தற்செயலாகுமோ? பழைய போட்டி முடிவுகளைக் கணக்கிட்ட ஜெஃப் சோனாஸும், சுல்தான் கானை அக்கால உலகின் முதற்பத்து வீரருள் ஒருவராகக் காட்டினார்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தாண்டுகளே வாழ்ந்த அவர், தாயகம் திரும்பிய பின் பன்னாட்டு அரங்கில் ஆடவில்லை. 1950இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது, ஆட்டத்தை விட்டு நெடுநாளான ரூபின்ஸ்டைனுக்கும் பட்டம் கிடைத்தது. அந்த ரூபின்ஸ்டைனை 1931இல் பிராகாவில் வென்ற சுல்தான் கானின் பெயர் பட்டியலில் இல்லை. 1966இல் அவர் மறைந்தார்.

நம் கோவையில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் வென்று விசுவநாதன் ஆனந்த் தகுதி பெற்று, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். சுல்தான் கானுக்கோ 2024இல்தான், மறைந்து 58 ஆண்டுகள் கழிந்தபின், கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது.

மனிதரைப் பற்றிய பேச்சு காலத்துக்கேற்ப மாறும். அவர் செய்த செயலின் பதிவு மாறாது. அப்பதிவைப் பேணுவதும், விருப்பு வெறுப்பின்றி மீண்டும் படிப்பதும் கற்றோர் கடன். அக்கடனைத் தாமதித்துத் தீர்த்தால், பட்டம் கல்லறைக்குத்தான் போய்ச் சேரும்.